ஹாம் ரேடியோ பாக்கெட் சாட்ல (ரேடியோ வழியா டைப் அடிச்சுப் பேசுதது) மறக்க முடியாத ஆள் யாரு? அனுபவத்த சொல்லுங்க

பாளை நோட்:
காயல்பட்டினத்துல 95 செ.மீ. கொட்டுச்சே, 2023 டிசம்பர், அந்த ராத்திரிதான். கரண்ட் இல்ல, டவர் இல்ல, எல்லார் மெசேஜையும் வாங்கிக் கைமாத்தி விடுத நம்ம நோட் மட்டும் பேட்டரில ஓடுது. சாட்ல யாரு இருக்கான்னு பாக்க /யூ அடிச்சா ஏரல் பக்கத்து ஓஎம் (ஹாம் நண்பர்) ஒருத்தர் பேரு. "மாடிக்கு வந்துட்டோம்"னு ஒரு லைன் வந்துது. அடுத்த லைன் "அம்மாவ மட்டும்". அவ்வளவுதான். என்டர் தட்டிட்டு மிச்சத்த அடிக்கதுக்குள்ள அங்க என்னமோ ஆயிட்டு. பேரு லிஸ்ட்ல அப்படியே நிக்குது, நானும் ஆள் இருக்காருன்னே நினைச்சு "அம்மாக்கு என்ன"ன்னு அடிச்சேன், அத அவருக்குக் குடுக்க நோட் ரிட்ரை மேல ரிட்ரை போடுது, போய்ச் சேராததால திரும்பத் திரும்ப அனுப்புது, ரிக்ல, அதான் ரேடியோ செட்ல, சிவப்பு லைட்டு எரியுது அணையுது எரியுது அணையுது, பத்து ரிட்ரை முடிஞ்சதும் பேரு போயிட்டு. அந்த லைட்டு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

அம்பை:
அண்ணாச்சி, வெள்ளத்துல எதுக்கு சாட்? நேரா வாய்ஸ்ல கூப்பிட்டிருக்கணும். உயிர் போற நேரத்துல டைப் அடிச்சிட்டா இருப்பாங்க?

தென்காசி:
அம்பை சொல்லுதத நான் ஒத்துக்க மாட்டேன். வாய்ஸ் கேக்காத சிக்னல்ல பாக்கெட் ரிட்ரைல போயிச் சேந்தத நான் பாத்திருக்கேன். என் கதை சின்னது. செங்கோட்டைல புதுசா ஏஎஸ்ஓசி (ஹாம் லைசென்ஸ் பரீட்சை) பாஸான பையன் "யாராச்சும் இருக்கீங்களா"ன்னு போட்டான், நான் அடிச்ச பதில் போகவே இல்ல, அவன் கட் பண்ணிட்டுப் போயிட்டான், அப்புறம் வரவே இல்ல. காரணம் என்னன்னா, மலை மறைக்கதால அம்பை ஸ்டேஷன் எனக்குக் கேக்காது, நான் அவருக்குக் கேக்க மாட்டேன், ஆனா நோட்டுக்கு ரெண்டு பேரும் கேக்கும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அடிச்சா ரெண்டும் நாசம். அதனால எல்லாரும் பெர்சிஸ்ட் (சேனல் காலியானா உடனே அனுப்புத வாய்ப்பு) 63 வைங்க, நாலுல ஒரு தடவதான் அடிக்கும், ஸ்லாட்டைம் (அடுத்து முயற்சி பண்ண காத்திருக்க நேரம்) 100 மில்லிசெகண்ட். சில பேர் 255 வச்சிருக்காங்க, சேனல் காலியான உடனே விழுந்தடிச்சு அனுப்புது, மத்தவன் எப்படி உள்ள வருவான்? பாக்கெட்ட சின்னதா வைங்க, 1200 பாட்ல 150 எழுத்து போகவே ஒரு செகண்ட் ஆகும். டிஎக்ஸ்டிலே (ரேடியோ ஆன் ஆனதும் டேட்டா அனுப்ப முன்னால விடுத இடைவெளி) 300 மில்லிசெகண்ட்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாருங்க.

பாளை நோட்:
தென்காசி, அன்னிக்கு சேனல்ல வேற யாருமே இல்ல, இது மோதல் கிடையாது. அம்பை, வாய்ஸ்ல விடிய விடிய கூப்பிட்டேன் தம்பி, பதில் இல்ல. டவர் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அம்மா எதிர்வீட்டு மாடில இருந்திருக்காங்க, எல்லாரும் சுகம். நான் கேக்கது ஒண்ணுதான்: ஆள் போனப்புறமும் பேரு நிக்குதுல்லா, கடைசியா எப்ப அவர்ட்ட இருந்து ஆக் (பாக்கெட் கிடைச்சுதுங்குத பதில்) வந்துதுன்னு /யூ லிஸ்ட்லயே காட்ட யாராச்சும் வழி பண்ணியிருக்கீங்களா?