பாவிச்ச லீஃப் கார்: எம்.ஓ.டி. பதிவு பாத்துக் குழம்பிப்போய் நிக்கிறன்

வணக்கம் உறவுகளே. லண்டன் ஹரோவில இருக்கிறன். அம்மாவைக் கிழமையில மூண்டு நாள் டயாலிசிசுக்குக் கூட்டிக்கொண்டு போகோணும். அதுக்காக 2018ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார், 40 கிலோவாட் ஹவர் பேட்டரி, ஒண்டு பாத்து வச்சிருக்கிறன்.

நம்பர் பிளேட் இலக்கத்தை அரசாங்க வெப்சைட்டில போட்டு எம்.ஓ.டி. (கார் ஓடத் தகுதியோ எண்டு வருசா வருசம் பாக்கிற சோதனை) வரலாறை வரிவரியாய்ப் பாத்தன். 2021இல 22,000 மைல், 2022இல 31,000. அடுத்த வருசம் 31,400 மட்டும்தான்! அந்தமுறை பாஸ், ஆனா பின் பிரேக் டிஸ்க் ரெண்டும் துருப்பிடிச்சிருக்கெண்டு குறிப்பு. மின்சாரக் காரில மோட்டரே வேகத்தைக் குறைக்கிறதால பிரேக்குக்கு வேலை குறைவு, துரு வாறது வழமைதான். டிஸ்க்கை மாத்தலாம். ஒரு வருசம் சும்மா நிண்ட பேட்டரிதான் என்ர கவலை. விக்கிறவர் ஊருக்குப் போய் நிண்டவராம்.

பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்கெண்டு எம்.ஓ.டி.யில பாக்கிறேல்லை. டாஷ்போர்டில பேட்டரியின்ர மிச்சக் கொள்ளளவைக் காட்டுற 12 கோட்டில 11 காட்டுது. ஆனா லீஃபில பேட்டரியைக் குளிராக்கத் தண்ணிச் சுற்று இல்லை, 8 வருச உத்தரவாதமும் 2026ஓட முடியுது.

ஆராவது லீஃப்ஸ்பை ஆப்பும் (லீஃப் பேட்டரி நிலையைப் போனில காட்டுறது) அதுக்குக் காரில செருகுற ஓ.பி.டி. கருவியும் வச்சிருந்தா சனிக்கிழமை வெம்பிளிக்கு வந்து ஒருக்காப் பாத்துத் தருவியளோ? பெட்ரோல் காசு, சாப்பாடு என்ர பொறுப்பு. இப்பிடி நிண்ட காரை வாங்கி ஓடினவை இருந்தா, குளிருக்க ஒரு சார்ஜில எத்தனை மைல் போகுதெண்டும் சொல்லுங்கோ. ஞாயிறு பின்னேரத்துக்குள்ள அவருக்கு முடிவு சொல்லோணும்.