பிரிகிட்டே ரைமானின் முடியாத நாவல்: கதையாகப் படிப்பதா, வாழ்க்கையாகப் படிப்பதா?

நிலாமுற்றம்:
பிரிகிட்டே ரைமானைப் பற்றி இங்கே இதுவரை யாரும் எழுதவில்லை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். கிழக்கு ஜெர்மனி எழுத்தாளர். 1933-ல் பிறந்து 1973 பிப்ரவரியில் புற்றுநோயால் இறந்தார், 39 வயதுதான். 'ஃபிரான்சிஸ்கா லிங்கர்ஹாண்ட்' நாவலை 1963-ல் தொடங்கிப் பத்து வருடம் எழுதியும் கடைசி அத்தியாயத்தை முடிக்க முடியவில்லை. மறு வருடமே, 1974-ல், அது புத்தகமாக வந்துவிட்டது, ஆனால் சில இடங்களை வெட்டி. வெட்டு இல்லாத பதிப்புக்கு 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதை இதுதான்: வசதியான பதிப்பாளர் வீட்டுப் பெண் ஃபிரான்சிஸ்கா, கட்டடக் கலை படித்தவள், பேர்பெற்ற பேராசிரியரிடம் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, தொழிலாளர்களுக்காகக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு புது நகரத்துக்குப் போகிறாள். அங்கே போனால் ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகள், வரிசை வரிசையாக. வீடு மட்டும் இருந்தால் ஊர் ஆகிவிடுமா என்று அவள் மல்லுக்கட்டுவதுதான் மிச்சக் கதை. ரைமானும் 1960-லிருந்து 1968 வரை ஹோயர்ஸ்வெர்டா என்ற அப்படிப்பட்ட ஊரில்தான் வாழ்ந்தார். அதனாலேயே எல்லோரும் இதை அவருடைய சுயசரிதை என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. இது நாவல், நாவலாகத்தான் படிக்க வேண்டும்.

கரிசல்காட்டான்:
அக்கா, நான் ரைமானின் டைரிகளைப் படித்திருக்கிறேன், கொல்கத்தாவின் சீகல் பதிப்பகம் ஆங்கிலத்தில் இரண்டு தொகுதியாகப் போட்டிருக்கிறது, 1955-லிருந்து 1970 வரை. அதைப் படித்தவனால் நீங்கள் சொல்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நாவலுக்குள் போக முடியாது. நாவலில் அவள் உயிராக நேசிக்கிற அண்ணன் ஒருவன் வருகிறானே, ரைமானுக்கும் சகோதரர் என்றால் உயிர். ஒரு சகோதரர் 1960-ல் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார், அந்தப் பிரிவு டைரியில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. பேராசிரியர் ரேகர் என்ற பாத்திரத்தில், பெர்லினின் ஸ்டாலின் அல்லே என்ற பெரிய வீதியை வடிவமைத்த கட்டடக் கலைஞர்களில் ஒருவரான ஹென்ஸல்மான் அப்படியே நிற்கிறார். அவரும் ரைமானும் நண்பர்கள், கடிதம் எழுதிக்கொண்டவர்கள். ஃபிரான்சிஸ்காவின் காதலன் பென்னிடம் ரைமானின் மூன்றாவது கணவரின் சாயல் இருக்கிறது என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். இவ்வளவு இருக்கும்போது வாழ்க்கையை ஏன் வாசலிலேயே நிறுத்த வேண்டும்? அதிலும் இது முடியாத புத்தகம். அவர் எங்கே கொண்டுபோக நினைத்தார் என்று தெரிந்துகொள்ள டைரியையும் கடிதத்தையும் விட்டால் வேறு என்ன வழி?

நிலாமுற்றம்:
தம்பி, நீங்கள் சொன்ன சாயல்கள் எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் மாற்றியது என்ன என்று பாருங்கள். ரைமான் எழுத்தாளர், ஃபிரான்சிஸ்கா கட்டடக் கலைஞர். இது சும்மா உடுப்பு மாற்றுகிற வேலை இல்லை. எழுத்தாளராக வைத்திருந்தால், ஊரை வேடிக்கை பார்த்துக் குறை சொல்லும் ஒருத்தியின் கதையாகப் போயிருக்கும். கட்டடக் கலைஞர் என்பதால் அவளே குற்றத்தில் பங்காளி ஆகிறாள், அந்த அடுக்குமாடிகளில் அவள் கையும் இருக்கிறது. பிறகு கதை சொல்கிற விதம். சில இடத்தில் 'நான்', அடுத்த பத்தியிலேயே 'அவள்', நடுநடுவே பென்னைப் பார்த்துப் பேசுவது. நீங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிற டைரியும் முழுசு இல்லை. பதினான்கு வயது வாக்கில் தொடங்கி எழுதிய பழைய டைரிகளை 1959-ல் அவரே எரித்துவிட்டார். எதை விட்டுவைக்கலாம், எதைக் கொளுத்தலாம் என்று முடிவு செய்தவருடைய டைரியை நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

செங்கல்சூளை:
நான் சிவில் இன்ஜினியர், வீட்டுவசதித் திட்டங்களில் வேலை பார்த்தவன். நீங்கள் இருவருமே ஊரை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ஹோயர்ஸ்வெர்டா சின்ன ஊராக இருந்தது. பக்கத்தில் ஸ்வார்ட்ஸ பும்பே என்ற பெரிய நிலக்கரி ஆலை வந்தது, அதில் வேலை செய்பவர்களுக்காக எழுப்பிய நகரம் கடைசியில் எழுபதாயிரம் பேருக்குப் போனது. சுவரையும் கூரையையும் தொழிற்சாலையிலேயே வார்த்து, லாரியில் கொண்டுவந்து கிரேனில் அடுக்குவார்கள். கிரேனின் தண்டவாளம் எப்படிப் போகிறதோ அப்படித்தான் கட்டட வரிசையும் போகும், தெருவை வளைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் செலவுக் கணக்கைத்தான் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். முதலில் வீடு, கடை, பள்ளிக்கூடம், தியேட்டரும் நகர மையமும் அப்புறம் பார்க்கலாம். அந்த 'அப்புறம்' வரவே வராது, இது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஊரில் முத்தமிட முடியுமா என்று ரைமான் 1963-ல் செய்தித்தாளிலேயே கேட்டார், பெரிய விவாதம் ஆனது. ஒதுங்கி நிற்க ஒரு மரத்தடி, உட்கார ஒரு கபே, வேலை இல்லாமல் நடக்க ஒரு தெரு இருக்கிறதா என்பதுதான் அதற்குள் இருந்த கேள்வி. இதைத்தான் நாவல் 15 அத்தியாயம் கேட்கிறது. கணவர் யார், காதலன் யார் என்ற ஆராய்ச்சியில் அது காணாமல் போகிறது. அந்த விதத்தில் நான் நிலாமுற்றம் பக்கம்.

வாசிப்புமேசை:
எனக்கு உங்கள் மூன்று பேருடனும் சண்டை இருக்கிறது. எழுதியவர் முடிக்கவில்லை. முடிக்காததை வெளியிட்டது யார் அதிகாரத்தில்? அவர் இறந்த மறு வருடமே புத்தகம், அதுவும் வெட்டிய புத்தகம். உயிரோடு இருந்திருந்தால் ஒவ்வொரு வரிக்கும் பதிப்பாசிரியரோடு உட்கார்ந்து வாதாடியிருப்பார். ஆரம்ப அத்தியாயங்களைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதியவர் என்று நீங்களே சொல்வீர்கள். அப்படிப்பட்டவருடைய கையெழுத்துப் பிரதியை அவர் இல்லாதபோது அச்சுக்கு அனுப்புவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

கரிசல்காட்டான்:
இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அலமாரியில் ஒளித்துவைத்த பிரதி இல்லை இது. வெளியிடத்தான் எழுதினார். நோய் 1968-லேயே தெரிந்துவிட்டது, நியூபிராண்டன்பர்க்குக்குக் குடிமாறினார், வலியோடு இதையே எழுதிக்கொண்டிருந்தார். தோழியும் எழுத்தாளருமான கிறிஸ்டா வொல்ஃபுக்கு எழுதிய கடிதங்கள் பூராவும் இந்தப் புத்தகத்தோடு படும் பாடுதான். இதைப் பூட்டி வைத்திருந்தால் அதுதான் அநியாயம். வெட்டியது தப்பு, வெளியிட்டது தப்பில்லை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

வாசிப்புமேசை:
வெட்டியதையும் வெளியிட்டதையும் ஒரே பதிப்பகம்தானே செய்தது? வெட்டாமல் அந்த நாட்டில் வந்திருக்காது என்பதும் உண்மை. அப்படியானால் 24 வருடம் வாசகர்கள் படித்தது யாருடைய நாவல்?

நிலாமுற்றம்:
ரைமானுடையதுதான். அந்தப் பதிப்பிலேயே செயலாளர் கெர்ட்ரூடின் தற்கொலை இருக்கிறது. தற்கொலைக் கணக்கை வெளியே சொல்லவே அனுமதிக்காத நாடு அது. அங்கே, அரசாங்கம் பெருமையாகக் காட்டிய ஒரு புது நகரத்தில், அலுவலகத்தில் தினமும் முகம் பார்த்த ஒருத்தி செத்துப்போகிறாள். அவள் குடித்ததும் தனியாகக் கிடந்ததும் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் எதுவும் செய்யவில்லை. ஃபிரான்சிஸ்கா அதற்கு மேல் பழைய மாதிரி வரைபடம் போட முடியாமல் தவிக்கிறாள். அதைப் படித்தபோது எனக்கு டைரி நினைவுக்கே வரவில்லை தம்பி. கெர்ட்ரூட் நிஜத்தில் யார் என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. வாசிப்புமேசைக்கு ஒன்று: முடியவில்லை என்றாலும் புத்தகம் அந்தரத்தில் நிற்கவில்லை. கடைசிப் பகுதியில், சோர்ந்த அடுக்குமாடிக்கும் உயிருள்ள தெருவுக்கும் நடுவே, தேவையானதும் அழகானதும் சேர்கிற ஒரு வழி இருந்தே தீர வேண்டும், என்றாவது ஒருநாள் கண்டுபிடிப்பேன் என்கிறாள். பென்னோடு வாழ்வதைவிட அந்தத் தேடல் அவளுக்குப் பெரிதாகிவிட்டது.

செங்கல்சூளை:
கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் ஊரின் கதை. 1990-க்குப் பிறகு ஆலை வேலைகள் போய், மக்கள்தொகை பாதிக்கும் கீழே இறங்கி, அந்த அடுக்குமாடிகளில் நிறையவற்றை இடித்தார்கள்.

கரிசல்காட்டான்:
அக்கா, அந்தக் கடைசிப் பகுதி நம்பிக்கையாகப் படுகிறது என்கிறீர்கள். 1970 டைரியில் இருக்கும் சோர்வைப் பார்த்தவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது, தன்னையே தேற்றிக்கொள்கிற குரலாக. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இது தெரியும், நாவல் சின்னதாகிவிடாது. நான் 1998 பதிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், ஆங்கில டைரி இரண்டும் மேசையில் இருக்கும்.

நிலாமுற்றம்:
முதல் தடவை டைரி இல்லாமல் படியுங்கள். அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.