பரீட்சை பயம்னு சொல்லி விட்டுட்ட தலைவலிகள்: மலைப்பக்கம் நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

உதகை, பள்ளி ஆசிரியை

இத்தலார் பக்கத்துல பிளஸ் டூ படிக்கிற பையன். பிப்ரவரி கடைசியில இருந்து தினமும் காலையில தலைவலி, குமட்டல். பஸ் ஏறும்போது முகம் வெளுத்துக் கிடக்கும், மதியத்துக்குள்ள தெளிஞ்சிடும். ராத்திரி உக்காந்து படிக்காத நாளுக்கு மறுநாள் வலி வராது. "புஸ்தகத்தைத் தொட்டாலே பயம், அதான்"னு வீட்டுல முடிவு பண்ணி கையில கயிறும் கட்டியாச்சு. பள்ளியிலயும் அதையேதான் சொன்னோம், அவன் படிக்கிற அறையைப் போய்ப் பார்க்கிற வரைக்கும்.

எட்டுக்கு எட்டு அறை. ஜன்னல் இடுக்குல செய்தித்தாள் திணிச்சிருக்கு, கதவுக்கு அடியில சாக்கு. மேஜைக்குக் கீழ, அவன் கால் வைக்கிற இடத்துல, பழைய இரும்புச் சட்டியில கரி. மேல சாம்பல் பூத்து, நடுவுல மட்டும் செக்கச்செவேல்னு. புகையே இல்லை. "புகை வராதுன்னுதான் டீச்சர் கரி போடுறோம், விறகுன்னா கண்ணு எரியும்"னு அவங்க அம்மா சொன்னாங்க.

விறகுப் புகை நம்மளை வெளியே துரத்திடும். கரி துரத்தாது, அதுதான் அதோட ஆபத்து. மூடின அறையில கரி கனியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்துல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல கெட்டியா ஒட்டிக்கும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, படிச்சது மண்டையில நிக்காம போறது, இதெல்லாம் அதோட வேலை. வெளிக்காத்துல பாதி வாயு இறங்கவே 4, 5 மணி நேரம் ஆகும். மதியம் அவன் தெளிஞ்சதுக்குக் காரணம் அது. இன்னொண்ணு, விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பாதீங்க. அதுக்கு இந்த வாயுவையும் ஆக்சிஜனையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது, 98னு காட்டிட்டு உக்காந்திருக்கும். காலையில தலைவலின்னு ஒரு பிள்ளை சொன்னா முதல்ல கேளுங்க: ராத்திரி அறையில என்ன எரிஞ்சது, வீட்டுல வேற யாருக்கும் தலை வலிக்குதா, வெளியே வந்தா குறையுதா.

மேல்மலை, தேர்வறைக் கண்காணிப்பு

கொடைக்கானல் தேர்வு மையம், மன்னவனூர் பக்கத்துல இருந்து வந்த பொண்ணு. 10 மணிக்கு வினாத்தாள், 10.15க்கு எழுத ஆரம்பிச்சா. 11 மணி வாக்குல பார்த்தா பேனா காகிதத்துல கோடு இழுத்துக்கிட்டே விளிம்பு வரைக்கும் போயிருக்கு, தலை சாஞ்சிருக்கு. "ராத்திரி முழுக்க கண் முழிச்சிருப்பா, டென்ஷன்"னு பக்கத்து அறை ஆசிரியர் சொன்னார். தண்ணி கொடுத்து எழுப்பிக் கேட்டா, ராத்திரி 9 மணிக்கே படுத்திருக்கா. காலையில பஸ் ஏறும்போது வாந்தி மாத்திரை போட்டிருக்கா.

அந்த வளைஞ்சு போன கோடு மறக்கவே மாட்டேங்குது. தயவுசெஞ்சு தேர்வு நாள்ல பிள்ளைங்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்காதீங்க.

குன்னூர், மருந்தாளுநர்

மேல்மலை அண்ணா, பொத்தாம்பொதுவா "கொடுக்காதீங்க"ன்னா வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிற பிள்ளை என்ன செய்யும்? வாந்தி எடுத்துக் களைச்சுப் போய் ஹால்ல உக்கார்றதும் அதே கதைதான். அதிகமா விக்கிற வாந்தி மாத்திரை ப்ரோமெதசின், 25 மில்லிகிராம். தூக்கம் கொடுக்கிறது அதோட குணம், போட்டு 4ல இருந்து 6 மணி நேரம் வரைக்கும், சில பேருக்கு இன்னும் கூட அடிக்கும். முதல் தடவையா ஒரு மாத்திரையைத் தேர்வு நாளன்னிக்கு முயற்சி பண்றதுதான் தப்பு. டாக்டர்கிட்ட கேட்டு ஒரு மாசம் முன்னாடியே லீவு நாள்ல போட்டுப் பார்க்கணும். எவ்வளவு நேரம் கண் சொக்குதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

மாத்திரை இல்லாமலே நிறையப் பேர் சமாளிக்கலாம். பஸ்ல புஸ்தகம் திறக்கவே கூடாது. கண் அசையாத எழுத்தைப் பார்க்குது, உள்காது வளைவை உணருது, ரெண்டும் மோதுறதுலதான் குமட்டல் வருது. டிரைவருக்குப் பின்னாடி முன்வரிசை, கண் தூரத்துச் சாலையில, ஜன்னல் நாலு விரற்கடை திறந்திருக்கணும். பின்சீட்டு வேண்டவே வேண்டாம். ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி, சட்னி தொட்டுக்கிட்டாப் போதும். வெறும் வயிறும் புரட்டும், பூரியும் பாலும் அதைவிடப் புரட்டும். மீதி ரெண்டு இட்லியைக் கட்டி எடுத்துட்டுப் போய் இறங்கின பிறகு 9 மணிக்குச் சாப்பிடட்டும். வழியில முடிஞ்சா ஒரு துண்டு இஞ்சியை வாயில அடக்கிக்கலாம். பஸ் இறங்கினதும் உள்ளே ஓடாம பத்து நிமிஷம் நேரா நடக்கணும்.

இதோட சம்பந்தம் இல்லைன்னாலும் சொல்லிடுறேன், கடைக்கு வர்ற பிள்ளைகள்ல பாதிப் பேருக்குப் பிரச்சினை டீதான். கொதிக்கக் கொதிக்க டஸ்ட் டீ, கூட ரெண்டு வர்க்கி, ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை. அதுதான் காலைச் சாப்பாடு, அதுதான் ராத்திரிச் சாப்பாடு. அப்புறம் நெஞ்செரிச்சல்னு ஜெலுசில் கேட்டு வருவாங்க. டீயில இருக்கிற கஃபீன் உடம்புல பாதியா குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 9 மணிக்குக் குடிச்சா நடுராத்திரி 2 மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கு. "முழிச்சிருக்கத்தானே குடிக்கிறேன்"னு கேக்கிறாங்க. படுத்த பிறகும் அது விடாதே. கடைசி டீ சாயங்காலம் 4 மணிக்கு. அதுக்கு மேல சூடு வேணும்னா சுக்கு மல்லி, பால், ரசம் எதுவும் ஆகும்.

பள்ளியில வாரம் ஒண்ணு கொடுக்கிற நீல மாத்திரை இருக்கு பாருங்க, அதுல 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கு. தேர்வு நேரத்துல வயித்தைப் புரட்டுதுன்னு பொண்ணுங்க அதைத் தூக்கி எறியுறாங்க. வெறும் வயித்துல போட்டா புரட்டத்தான் செய்யும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணியில போடணும், கூட ஒரு நெல்லிக்காய் இருந்தா நல்லது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது, டீயோட துவர்ப்பு இரும்பை உடம்புல சேர விடாது. மலம் கறுப்பா போகும், அதுக்குப் பயப்பட வேண்டாம். ரத்தம் குறைஞ்ச பிள்ளைக்குப் படிச்சது ஏறாது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதையும் நாம சோம்பேறின்னு சொல்லிடுறோம்.

கோத்தகிரி, உடற்கல்வி

காலை 4 மணிக்கு எழுப்பிப் படிக்க வெச்சு, 5 மணிக்கு ஒரு நடை போயிட்டு வந்தா டென்ஷனே வராதுன்னு போன வருஷம் இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். அதைக் கேட்டு ஒரு அப்பா தன் மகனைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில நடக்க அனுப்பியிருக்கார். திருப்பத்துல கரடி, குட்டியோட. பையன் தப்பிச்சான், ஆனா அடுத்த பத்து நாள் வாசலைத் தாண்டல. சமவெளிக்காரங்களுக்குச் சொல்ற யோசனையை அப்படியே இங்க கொண்டு வராதீங்க. கோத்தகிரி, குன்னூர் பக்கம் விடியற நேரமும் அந்தி நேரமும் கரடிக்கும் காட்டெருமைக்கும் உரிய நேரம். வெயில் நல்லா ஏறின பிறகு, பள்ளி மைதானத்துல 20 நிமிஷம் வேகமா நடந்தாப் போதும். இல்லைன்னா வீட்டுக்குள்ளேயே ரெண்டு மணிக்கொரு தடவை எழுந்து தோள் பத்து சுத்து, கழுத்து இடம் வலம், படி ஏறி இறங்குறது.

நாலு மணிப் படிப்பு தப்புன்னு சொல்லல. 8 மணி நேரம் தூங்கிட்டு எழுந்தா சரி. அந்த வயசுக்கு 8ல இருந்து 10 மணி நேரம் வேணும். 4க்கு எழுப்பணும்னா ராத்திரி 8க்குப் படுக்க வெக்கணும், எத்தனை வீட்டுல அது நடக்குது? பகல்ல படிச்சதை மூளை அடுக்கி வைக்கிறது தூக்கத்துலதான். தூக்கத்தை வெட்டுனா படிச்சதையே வெட்டுறோம்.

கூடலூர், செவிலியர்

தேர்வு ஹால் வாசல்ல பார்த்தது. பத்தாம் வகுப்புப் பொண்ணு, கணக்குப் பரீட்சை. மணி அடிக்க இருபது நிமிஷம் இருக்கு. திடீர்னு ரெண்டு கையும் மரத்துப் போய், விரல் எல்லாம் ஒண்ணா குவிஞ்சு உள்ளே மடங்கிடுச்சு, உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு அழறா. சுத்தி நின்னவங்க வலிப்புன்னு நினைச்சு கையில சாவிக்கொத்தைத் திணிச்சாங்க. விரல் மடங்கி இருக்கு, சாவி பிடிக்கல, கீழ விழுந்த சத்தம். அதைக் கேட்டு அவ இன்னும் மிரண்டுட்டா.

அது வலிப்பு இல்லை. பயத்துல வேக வேகமா மூச்சு வாங்கினா கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல வெளியே போயிடும். ரத்தத்தோட காரத்தன்மை கூடி, வேலை செய்யுற கால்சியம் குறையும், விரல் இழுத்துக்கும். செய்ய வேண்டியது: கூட்டத்தை விலக்கணும். உக்கார வெச்சு ரெண்டு பாதமும் தரையில படணும். மூக்கு வழியா 4 எண்ணி இழுத்து, சூடான டீயை ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு 6 எண்ணி விடணும். ஒரு மூச்சுக்கு 10 விநாடி, நிமிஷத்துக்கு 6. அவளைச் செய்யச் சொன்னா செய்ய மாட்டா, எதிர்ல உக்காந்து நீங்க செய்யணும், அவ உங்களைப் பார்த்துப் பின்பற்றுவா. மூணுல இருந்து அஞ்சு நிமிஷத்துல விரல் பிரியும். "ஆழமா மூச்சு இழு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, ஏற்கனவே அதிகமா இழுக்கிறதுதான் பிரச்சினை. காகிதப் பையை மூஞ்சியில வெக்கிற பழக்கமும் வேண்டாம், ஆஸ்துமாவா இருந்தா ஆபத்து. வீசிங் சத்தம் கேட்டாலோ, உதடு நீலமானாலோ, மயங்கினாலோ 108.

இந்த மூச்சைத் தேர்வுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தினமும் படுக்கப் போறப்போ அஞ்சு நிமிஷம் பழக்கணும். ஹால் வாசல்ல முதல் தடவையா கத்துக்க முடியாது.

கொடைக்கானல், பள்ளி ஆலோசகர்

எல்லாரும் சொல்றது நியாயம்தான். ஆனா டீச்சர் தொடங்கின இடத்துல இருந்து, எல்லாமே உடம்புதான்னு பேச்சு போயிட்டிருக்கு. எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கோம். பூம்பாறைப் பக்கத்துப் பையன், ரெண்டு மாசமா வயித்துவலி. ஸ்கேன், ரத்தம், எண்டாஸ்கோப்பி வரைக்கும் பத்தலகுண்டுக்கும் மதுரைக்கும் அலைஞ்சாங்க. எல்லாம் நார்மல். அவன்கிட்ட யாரும் கேட்காத கேள்வி ஒண்ணே ஒண்ணு. தனியா உக்கார வெச்சு, "செத்துப் போயிடலாம்னு தோணுதா?"ன்னு நேரா கேட்டப்போ, ரொம்ப நேரம் தரையைப் பார்த்துட்டு, "யாராவது கேப்பாங்கன்னு நினைச்சேன்"னு சொன்னான்.

இப்படிக் கேட்டா அந்த எண்ணத்தை நாமே கிளப்பி விடுவோம்னு பயப்படாதீங்க, கிளப்பாது. தூக்கம் கெடுறது, பிடிச்ச ஆட்டத்தைக்கூட விடுறது, தன் பொருளைத் தம்பி தங்கைக்குக் கொடுத்துடறது, "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி"ங்கிற பேச்சு, இதுல எது வந்தாலும் அன்னைக்கே கேளுங்க. ஆமான்னு சொன்னா திட்டாதீங்க, சத்தியம் வாங்காதீங்க, தனியா விடாதீங்க. அரசோட மனநல உதவி எண் 14416ஐக் (டெலி மானஸ்) கூப்பிட்டா எந்த நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. நம்ம பக்கம் இதைக் கட்டாயம் சொல்லியாகணும்: பூண்டுக்கும் உருளைக்கும் அடிக்கிற மருந்தை வீட்டுக்குள்ள வெக்காதீங்க. மார்ச்ல இருந்து ரிசல்ட் வந்து ஒரு வாரம் வரைக்குமாவது வேற இடத்துல பூட்டி, சாவியைப் பெரியவங்க வெச்சுக்கணும். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல தணிஞ்சிடும், அந்தக் கொஞ்ச நேரத்துல கை எட்டுற தூரத்துல எதுவும் இருக்கக் கூடாது. தவறினா ஜூன், ஜூலையில துணைத்தேர்வு இருக்கு, அதே வருஷமே கல்லூரி சேரலாம். இதை ரிசல்ட் அன்னைக்குச் சொன்னா காதுல ஏறாது, பரீட்சைக்கு முன்னாடியே சொல்லி வைங்க.

உதகை, பள்ளி ஆசிரியை

ஆலோசகர் சார் சொன்னதை ஏத்துக்கிறேன். ரெண்டையும் கேட்கணும், அறையில என்ன எரியுதுன்னும் கேட்கணும், மனசுல என்ன ஓடுதுன்னும் கேட்கணும்.

எமரால்டு, ஒரு அம்மா

டீச்சர், கரியை வெளியிலயே கொளுத்தி, புகை எல்லாம் போய் நல்லா கனிஞ்ச பிறகு உள்ளே கொண்டுவந்தா பரவாயில்லையா? எங்க வீட்டுப் பெரியவங்க எல்லாம் அப்படித்தான் செய்வாங்க. இல்லைன்னா இந்தக் குளிர்ல பிள்ளை விரல் விறைச்சுப் போய் எழுதவே முடியலையே.

உதகை, பள்ளி ஆசிரியை

பரவாயில்லைன்னு சொல்ல முடியாதும்மா. புகை போனாலும் வாயு போகாது. சாம்பல் மூடி மெதுவா கனியுற கரியில இருந்தும் அது வந்துட்டேதான் இருக்கும். பழைய வீட்டுல ஓட்டு இடுக்கு வழியா காத்து போச்சு, இப்போ சிமெண்ட் கூரையும் கண்ணாடி ஜன்னலும்.

குளிருக்கு இப்படிப் பண்ணுங்க. ரப்பர் வெந்நீர்ப் பையில மூணுல ரெண்டு பங்கு மட்டும் தண்ணி, கொதி அடங்கினது. காத்தை அழுத்தி வெளியேத்திட்டு மூடி திருகி, துண்டுல சுத்தி மடியில வைக்கட்டும். காலுக்குக் கீழ பலகையோ மடிச்ச சாக்கோ, சிமெண்ட் தரைதான் பாதிக் குளிரை ஏத்துது. கம்பளித் தொப்பி, ரெண்டு ஜோடி சாக்ஸ், விரல் நுனி வெட்டின கையுறை. விறைச்ச விரலை நேரா நெருப்புல காட்டக் கூடாது, சிவந்து வீங்கி அரிக்கும், அக்குள்ல வெச்சு மெதுவா சூடாக்கணும். பால்பாயிண்ட் பேனாவைச் சட்டை உள்பையில வெச்சுட்டுப் போகட்டும், குளிர்ல மை கெட்டியாகி விட்டு விட்டு எழுதும். குளிருதுன்னு தண்ணியைக் குறைக்க விடாதீங்க, இங்க தாகமே தெரியாது, சாயங்காலத் தலைவலிக்கு அதுவும் ஒரு காரணம். எழுந்ததும் ஒரு டம்ளர், சாப்பாட்டோட ஒண்ணு, ஒன்பதரைக்கு அரை டம்ளர், பாத்ரூம் போயிட்டு ஹாலுக்குள்ள.

சட்டியில மிச்சம் இருக்கிற கரியை இன்னைக்கே வாசலுக்குக் கொண்டுபோய் தண்ணி ஊத்தி அணைச்சிடுங்க. ஜன்னலுக்குக் கீழ வேண்டாம், தள்ளி வைங்க.