ஜாக்ஸ் தரையைக் குத்தும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்?

கனத்த உடம்புக்காரர் ஒருவர் தரையை ஓங்கி அடிப்பார், எங்கோ தள்ளி நிற்கிற நாம் விழுவோம். ஆட்கள் மோதிக்கொள்ளும் ஃபைட்டிங் கேம்கள் பலவற்றில் இப்படி ஒரு மூவ், அதாவது ஒரு தனித் தாக்குதல், இருக்கும். அதில் மாட்டியவர்கள், அதை வைத்து ஜெயித்தவர்கள், இரண்டு பேருமே இங்கே எழுதுங்கள். என் அனுபவத்தில் தொடங்குகிறேன்.

1999 கோடை விடுமுறை. பெரியம்மா வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அண்ணன், அதாவது பெரியம்மா மகன், மோர்ட்டல் காம்பாட் டிரைலஜி என்ற ஃபைட்டிங் கேமின் சிடி வைத்திருந்தான். ஒரே கீபோர்டில் இடது பக்கம் அவன், வலது பக்கம் நான். அவன் எப்போதும் ஜாக்ஸ்தான். 1993-இல் வந்த இரண்டாவது மோர்ட்டல் காம்பாட்டில் அறிமுகமான ராணுவக்காரர், மூன்றாவதிலிருந்து இரண்டு கையும் இரும்பு. நான் லியூ காங்.

முதல் நாள் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. திரையின் ஒரு ஓரத்தில் அவன், மறு ஓரத்தில் நான். அடியைத் தடுக்கும் பிளாக் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக நிற்பதாக நினைத்திருந்தேன். ஜாக்ஸ் முஷ்டியை உயர்த்தித் தரையில் ஒரு குத்து விட்டார். திரையே அதிர்ந்தது. பிளாக்கில் இருந்த லியூ காங் தூக்கி எறியப்பட்டு விழுந்தார். "டேய், நான் பிளாக்லதானே இருந்தேன்?" என்று கேட்டேன். "தரையில இருந்தியா இல்லையா?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த விடுமுறையில் அவன் எனக்குச் சொல்லித்தந்த ஒரே பாடம் அதுதான், மீதியை நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்த மூவை எப்படிப் போடுகிறான் என்று தெரியவே மூன்று நாள் ஆனது. மற்ற பெரும்பாலான மூவ்களுக்குத் திசை விசைகளை ஒரு வரிசையில் தட்ட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் கேட்கும். இதற்குச் சத்தமே கிடையாது. லோ கிக், அதாவது தாழ்வாக உதைக்கும் பொத்தானை மூன்று நொடி அமுக்கிப் பிடித்து, விட வேண்டும். விட்டதும் குத்து. நான் அவன் விரல் தட்டுவதைக் கவனித்துக்கொண்டிருந்தேன், அவனோ தட்டாமல் இருந்தான்.

கண்டுபிடித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, சரியாகக் குதிக்க ஆரம்பித்தேன். பலிக்கவில்லை. மூன்று நொடி என்பது குறைந்த அளவுதான். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டிருக்கலாம், எப்போது விட்டாலும் குத்து வரும். நான் எண்ணிக் குதித்து இறங்குவேன், அப்போது அவன் விடுவான். சரி, குதித்துக்கொண்டே இருப்போம் என்று பார்த்தால், ஜாக்ஸ் காற்றிலேயே பிடித்து முதுகை ஒடிப்பார். அதற்கு வேறு ஒரு மூவ் இருக்கிறது.

அண்ணனின் ஆட்டத்தில் நான் இன்றும் மதிக்கிற விஷயம் அடுத்தது. லோ கிக்கைப் பிடித்தபடியே இன்னொரு விரலால் ஏவுகணையை விடுவான். ஏவுகணை வந்தால் யாரும் என்ன செய்வார்கள்? பிளாக் பிடிப்பார்கள். பிளாக் பிடித்தால் தரையில்தான் நிற்க வேண்டும். அந்த நொடியில் விரலை எடுப்பான். தற்காப்பையே பொறியாக மாற்றும் இந்த இரட்டை அடியைவிட அழகான ஒன்றை நான் அந்த கேமில் பார்த்ததில்லை.

ஆனால் அந்த மூவுக்கு ஒரு விலை உண்டு. லோ கிக் பொத்தான் பிடியில் இருக்கும் வரை லோ கிக்கும் கிடையாது, காலை வாரிவிடும் ஸ்வீப்பும் கிடையாது. நெருங்கிப் போனால் வழக்கமாக ஸ்வீப் போடுகிறவன் போடாமல் இருக்கிறான் என்றால் குத்து தயாராக இருக்கிறது என்று பொருள். இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் ஓரத்தில் நிற்பதை விட்டுவிட்டு, ஒட்டிக்கொண்டே ஆடினேன். பக்கத்தில் நின்றால் ஜாக்ஸ் முஷ்டியை உயர்த்தும் நேரத்தில் கீழிருந்து மேலே ஒரு குத்து, ஒரு அப்பர்கட், போட்டுவிடலாம். தூரத்தில் இருந்தால்தான் அந்த மூவ் ராஜா.

அப்புறம் நானும் ஒன்று செய்தேன். லியூ காங்கின் சைக்கிள் உதையும் லோ கிக்கைப் பிடித்து விடுகிற மூவ்தான். ஆக இரண்டு பேரும் பொத்தானைப் பிடித்தபடி ஒருவரை ஒருவர் சுற்றி வருவோம். யார் முதலில் விடுவது என்பதுதான் ஆட்டம். இந்தக் கட்டத்தில்தான் ஒரு மர்மம் தொடங்கியது. சரியான நேரத்தில் நான் மேல் அம்புக்குறியை அமுக்குகிறேன், லியூ காங் குதிக்க மாட்டேன் என்கிறார். குத்து வாங்கி விழுகிறார். நான் அமுக்கவே இல்லை என்று அண்ணன் சொன்னான். அமுக்கினேன் என்று நான் சத்தியம் செய்தேன். சண்டை பெரியம்மா வரைக்கும் போனது.

இரண்டு நாள் பேசாமல் இருந்து, கடைசியில் அவனே நோட்பேடைத் திறந்து சோதித்தான். தன் லோ கிக் எழுத்தையும் என் எழுத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மற்ற விசைகளைத் தட்டச் சொன்னான். சில எழுத்துகள் திரையில் விழவே இல்லை. சாதாரண கீபோர்டில் விசைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒரே கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன, சில விசைகளைச் சேர்த்துப் பிடித்தால் அடுத்தது பதிவாகாது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் பொய் சொல்லவில்லை. அவன் லோ கிக்கை கன்ட்ரோல் விசைக்கு மாற்றினான். என் ஜம்ப் திரும்பி வந்தது. "இனிமே ஒழுங்கா குதி" என்றான். அது அவன் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

* * *

உங்கள் அண்ணனின் ஏவுகணைத் தந்திரத்தைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் கில்டி கியர் ஸ்ட்ரைவ் என்ற ஃபைட்டிங் கேமில் பொடெம்கின் என்ற கனத்த உடம்புக்காரரை வைத்து ஆடுகிறேன், 2021-இல் அது வந்ததிலிருந்து. அவருடைய ஸ்லைட் ஹெட் என்ற மூவும் இதே குடும்பம்தான். உடம்பையே தரையில் மோதுவார், தரையில் நிற்கிறவர் எங்கே இருந்தாலும் சரிவார், பிளாக் உதவாது, குதித்தால் தப்பலாம்.

நான் சொல்ல வந்தது அடிக்கிறவரின் பக்கம். பொடெம்கினால் ஓட முடியாது. மற்றவர்கள் மின்னல் மாதிரி பறக்கிற கேமில் இவர் நடந்துதான் வர வேண்டும். தூரத்திலிருந்து எறிகிறவர்களிடம் மாட்டினால் ஒரு ரவுண்டு முழுக்க வாங்கிக்கொண்டே இருப்போம். அந்த நேரத்தில் ஸ்லைட் ஹெட்டால் குறையும் ஹெல்த் எனக்கு முக்கியமே இல்லை. அவர் விழுந்து எழுவதற்குள் நான் நாலு அடி நடந்துவிடலாம், அதுதான் எனக்கு வேண்டியது. கைக்கெட்டும் தூரம் வந்துவிட்டால் ஆளைப் பிடித்து அடிக்கும் பொடெம்கின் பஸ்டர் இருக்கிறது.

போன மாதம் ஒருவர் ஆறு முறை சரியாகக் குதித்துத் தப்பினார். ஏழாவது முறை நான் போடுவதுபோல நின்று, போடாமல் நடந்தேன். அவர் குதித்தார். இறங்கும் இடத்தில் நான் நின்றேன். அதற்குப் பிறகு அவர் குதிக்கவே தயங்கினார், தரையதிர்ச்சி எல்லாமே பட ஆரம்பித்தது. மூன்று செட் ஆடிவிட்டுத்தான் பிரிந்தோம்.

* * *

எங்கள் ஹாஸ்டலில் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட். நாலு பேர் ஆட்டம். டாங்கி காங் என்ற குரங்கு குனிந்து இரண்டு கையாலும் தரையைத் தட்டும், இரண்டு பக்கமும் அதிர்வு போகும். திரை முழுக்கப் போகாது, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான். ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது இதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். நாலு பேர் ஒரே இடத்தில் குவிந்து அடித்துக்கொள்ளும்போது நடுவில் போய்த் தட்ட ஆரம்பித்தால் மூவரும் சேர்ந்து எகிறுவார்கள். என் ரூம்மேட் வேறு எதுவும் செய்ய மாட்டான், அது ஒன்றே போதும் அவனுக்கு. கடைசியில் நாங்கள் மூவரும் பேசிவைத்து, அவன் குனிந்ததும் குதித்து மேலிருந்து இறங்கி அடித்தோம். அன்று இரவு முழுக்க அவன் வேறு மூவ்களைப் பழகிக்கொண்டிருந்தான்.

* * *

பொடெம்கின் நண்பருக்கு: போடுவதுபோல நின்று போடாமல் இருந்தீர்கள் என்றீர்களே, அதைப் படித்ததும் அண்ணனுக்கு போன் செய்தேன். "விரலை எடுக்காமலே ரவுண்டை முடிச்சிருக்கேன், நீ கவனிச்சதே இல்ல" என்றான். குத்து வரும் வரும் என்று நானே குதித்துக் குதித்து அவன் கையில் போய் விழுந்த ரவுண்டுகள் எத்தனையோ. இந்தப் பொங்கலுக்கு வருகிறான். லியூ காங்கை நான் இப்போதே பழக ஆரம்பித்துவிட்டேன்.