ஐபோன் படங்களை மொத்தமாக ஜேபெக் ஆக்க வழி சொல்லுங்கள்

மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, பத்மநாபபுரம் அரண்மனை என்று குடும்பத்தோடு சுற்றிவந்தோம். மச்சானின் ஐபோனில் எடுத்த 640 படங்களும் ஹெச்ஈஐசி (HEIC, ஐபோன் படங்களைச் சேமிக்கும் கோப்பு வகை) வடிவில் இருக்கின்றன. தக்கலையில் ஆல்பம் போடும் ஸ்டூடியோ அண்ணன், "ஜேபெக்கா கொண்டு வா மக்கா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிப் பார்த்தேன். ஜேபெக் ஆகிறது, ஆனால் சுருங்கிப்போய், அரண்மனையின் மரவேலைப்பாடெல்லாம் குழைந்த சோறு மாதிரி தெரிகிறது. போன் கேமரா அமைப்பில், ஜேபெக்காகவே சேமிக்கும் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்தாச்சு. அது இனி எடுப்பவற்றுக்குத்தான். இணையத்தில் ஏற்றி மாற்றும் தளங்கள் வேண்டாம், எல்லாம் வீட்டுப் பிள்ளைகளின் படங்கள்.

விண்டோஸ் 10 லேப்டாப்பில், எடுத்த தேதி அழியாமல் மாற்ற எந்த மென்பொருள் சரி, இர்ஃபான்வியூவா, எக்ஸ்என்கன்வர்ட்டா? மாற்றும்போது ஜேபெக் தரம் (quality) 90 வைத்தால் ஆல்பம் அச்சுக்குப் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.