பக்கத்து ரோ ஹவுஸையும் வாங்கியாச்சு, நடுச்சுவரை எடுக்கலாமா?

மேடவாக்கத்தில் எங்களுடையது 14 அடி அகல ரோ ஹவுஸ் (பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டியது), மேலே ஒரு மாடி. பக்கத்து வீட்டுக்காரர் மகனோடு கோவைக்குப் போகிறார் என்று போன மாதம் அதையும் கிரயம் முடித்தோம். இரண்டையும் ஒன்றாக்கி அப்பா அம்மா, தம்பி குடும்பம் எல்லோரும் தாராளமாக இருக்க வேண்டும். மனைவிக்கு 28 அடிக்கு ஒரே ஹால் வேண்டும், நடுவில் சரவிளக்கு. மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் வேலை சார், உடைச்சிரலாம்" என்கிறார். அவர் சொன்ன வேகம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 9 இன்ச் பொதுச் சுவர். அந்தப் பக்கம் பழைய தரைமேலேயே டைல்ஸ் ஒட்டியதால் 2 இன்ச் உயரம் வேறு.

கட்டடக்காரன்:
சார், முதலில் மேஸ்திரியை நிறுத்துங்கள். சுவரின் இரண்டு முனையிலும் பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பாருங்கள். உள்ளே காங்கிரீட் பில்லர் இருந்து, மேலே பீமும் ஓடினால் அது வெறும் தடுப்பு, எடுக்க வழி உண்டு. முழுக்கச் செங்கல் என்றால் இரண்டு வீட்டுத் தளமும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும், மாடிச் சுவரின் பாரமும் சேர்த்து. அப்போது ஜாக்கி முட்டுக் கொடுத்து, இரும்பு கர்டர் ஏற்றி, அதைத் தாங்கப் புதுப் பில்லரும் அடியில் ஃபூட்டிங்கும் (பில்லருக்கான அஸ்திவாரம்) போட வேண்டும். இதற்கு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதைவிட 4 அடி வாசல் இரண்டு, லிண்டலோடு (வாசலுக்கு மேல் பாரம் தாங்கும் பட்டை) திறப்பது எவ்வளவோ மேல். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் வங்கியிலும் சொல்லிவிடுங்கள்.

தாம்பரத்தான்:
நாங்கள் இதைச் செய்து ஆறு வருஷம் ஆகிறது. கீழே ஒரு வாசல், மாடியில் ஒரு வாசல், அவ்வளவுதான். ஒரு படிக்கட்டை இடித்து, மேலே விழுந்த ஓட்டைக்குத் தளம் போட்டு, கீழே பூஜை அறை ஆக்கினோம். அதுதான் தப்பு. பெரியவன் கல்யாணமாகி மாடிக்குப் போனதும் தனிப் படி இல்லையே என்று இன்றைக்கும் பேச்சு வாங்குகிறேன். இரண்டாவது சமையலறையை மட்டும் தொடவில்லை. கிரைண்டரும் மீன் கழுவுவதும் அங்கேதான், ஹாலில் வாடையே வராது. ஒன்று சொல்லட்டுமா, இப்போதெல்லாம் சாப்பிடக் கூப்பிடவே போன் அடிக்க வேண்டியிருக்கிறது!

மீட்டர் மணி:
கரண்டை மறந்துவிட்டீர்களே. இப்போது இரண்டு மீட்டருக்கும் தனித்தனியாக இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே வீடாகிவிட்டால் ஈபி இணைப்பையும் ஒன்றாக்கச் சொல்லும். ஒரு 100 போகும். இரண்டு வீட்டு யூனிட்டையும் கூட்டினால் 500ஐத் தாண்டும், அதற்கு மேல் ரேட்டே வேறு. ஐந்து ஏசி போடும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

கேட்டவர்:
நேற்று கொத்திப் பார்த்துவிட்டேன், முழுக்கச் செங்கல்தான். மனைவியும் நின்று பார்த்தாள். "சரி, வாசலை 5 அடியா வெச்சுக்கலாமா?" என்றாள். எஞ்சினியர் வியாழக்கிழமை வருகிறார். படிக்கட்டு இரண்டும் இருக்கட்டும்.