பத்துப் பொத்தானும் ஐந்தரைக் கட்டையும்

குழு: கச்சேரிக் குடும்பம், வேலூர்

*சனிக்கிழமை*

அண்ணன்: கோயில் விழாக் குழுவினர் பேசினார்கள். ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் வார்த்தல். அன்று மாலை சத்துவாச்சாரியில் கோயில் வாசலிலேயே மேடை. பாட்டு வரிசையை இன்று அனுப்புகிறேன். தம்பி, அதே வரிசையில் கீபோர்டில் ஏற்றிவிடு. ஒரு பேங்கில், அதாவது அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ஒரு தொகுப்பில், பத்துப் பொத்தான் இருக்கிறது அல்லவா? பொத்தானுக்கு ஒரு பாட்டு வைத்தால் 30 பாட்டும் மூன்றே பேங்கில் அடங்கிவிடும்.

நான்: சரி அண்ணா. இன்றிரவே தொடங்கிவிடுகிறேன்.

பெரியப்பா: தொடங்காதே. மாத்திரை போட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன்.

ஆரணி சித்தப்பா: அண்ணன் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும். எல்லாரும் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை: எழுதட்டும். அவரைத் தவிர யார் நமக்குச் சொல்லித் தரப் போகிறார்கள்?

பெரியப்பா: கோயில் கச்சேரியில் எழுதி வைத்த வரிசை எவ்வளவு நேரம் நிற்கும்? பிள்ளையார் பாட்டு, அதற்குப் பிறகு இரண்டு அம்மன் பாட்டு, அவ்வளவுதான். நான்காவது பாட்டுக்குள் முன்வரிசையிலிருந்து துண்டுச்சீட்டு வந்துவிடும். ஊர்ப் பெரியவர் ஒருவர் பழைய பாட்டு கேட்பார். விழாக் குழுத் தலைவரின் பேத்தி ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பார்கள். அந்த நேரத்தில் இரண்டாம் பேங்கின் ஏழாம் பொத்தானில் என்ன பாட்டு இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. பாட்டை அடிப்படையாக வைத்து அடுக்கு. ஒரு பாட்டுக்கு ஒரு பேங்க். மாலையின் வரிசையை அதற்கு மேலே தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

அண்ணன்: ஒரு பாட்டுக்குப் பத்துப் பொத்தான் எதற்குப் பெரியப்பா? வீண்தானே?

பெரியப்பா: நம் பாட்டின் உடம்பைப் பார். முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம், இரண்டாம் இடையிசை, மறுபடியும் சரணம். முன்னிசையில் புல்லாங்குழல் வரும். முதல் இடையிசையில் வயலின் கூட்டம் வரும், இரண்டாவதில் சிதாரோ நாகசுரமோ வரும். பாட்டுக்கு ஒரே பொத்தான் என்றால் நடுவில் வாத்தியக் குரலை மாற்ற இவன் திரையைத் தடவிக்கொண்டிருப்பான். இடையிசையின் முதல் இரண்டு மாத்திரை விழுந்துபோகும். கேட்கிறவர்களுக்கு அந்த இரண்டு மாத்திரைதான் பாட்டின் அடையாளம்.

நான்: அப்படியானால் 1 முன்னிசை, 2 பல்லவி, 3 முதல் இடையிசை, 4 சரணம், 5 இரண்டாம் இடையிசை என்று வைக்கட்டுமா?

பெரியப்பா: அப்படியே வை. எல்லாப் பாட்டிலும் அதே எண்தான் இருக்க வேண்டும். ஏதோ ஒரு பாட்டுக்கு மூன்றில் சரணம் என்று வைத்துவிடாதே. இருட்டிலும் விரல் தானாகப் போக வேண்டும். பாட்டில் முன்னிசையே இல்லையென்றால் முதல் பொத்தானில் பல்லவியையே இன்னொரு முறை பதிந்து வை, காலியாக விடாதே. பத்தாம் பொத்தானில் எப்போதும் வெறும் பியானோ, தாளம் நிறுத்தி. பாட்டு எங்கேயாவது தடம் புரண்டால் அதை அழுத்திவிட்டுப் பாடகர் பின்னால் போய்விடலாம்.

ஆரணி சித்தப்பா: என்னுடைய கோர்க் பிஏ700-இல் இதையே ஸாங்புக் என்கிறார்கள். பாட்டின் பெயரைத் தொட்டால் ஸ்டைல் (பெட்டி தானே வாசிக்கும் பின்னணி), வேகம், நான்கு குரல் அடுக்கு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அவற்றை எடுத்துக் கோத்து செட்லிஸ்ட் ஆக்கிக்கொள்ளலாம். பெட்டி வேறு, யோசனை அண்ணன் சொல்வதுதான்.

பெரியப்பா: இவன் வாங்கியிருக்கிற யமஹா எஸ்எக்ஸ்700-இல் அதற்குப் பெயர் பிளேலிஸ்ட். அதில் இருப்பது பேங்குக்குப் போகும் வழி மட்டும். ஒரே பாட்டை ஆடிப் பட்டியலிலும் கல்யாணப் பட்டியலிலும் சேர்க்கலாம். வரிசையை எத்தனை முறை மாற்றினாலும் பேங்க் அப்படியே இருக்கும். பெரியவன் கேட்ட வரிசை அங்கே வரட்டும்.

அண்ணன்: இப்போது புரிகிறது. நான் வரிசையை அனுப்புகிறேன், அவன் பிளேலிஸ்டில் போட்டுக்கொள்ளட்டும்.

காட்பாடி அக்கா: இப்போதுதான் எல்லாம் படித்தேன். பெரியப்பா, எனக்கு ஒரு குறை இருக்கிறது. சென்ற முறை தொண்டை சரியில்லை என்று ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் பாட்டை ஐந்துக்கு இறக்கச் சொன்னேன். பல்லவி ஐந்தில் நன்றாகப் போனது. இடையிசை முடிந்து சரணம் எடுத்தால் கீபோர்டு பழையபடி ஐந்தரையில் நிற்கிறது. அத்தனை பேர் முன்னால் நான் என்ன செய்வது?

பெரியப்பா: உன் மேல் குற்றமே இல்லையம்மா. வாசித்தவர் மேலும் இல்லை. பெட்டி சொன்னதைச் செய்திருக்கிறது. ஒவ்வொரு பொத்தானிலும் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸையும் சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள். கையால் இறக்கிய அரைக் கட்டையை அடுத்த பொத்தான் அழித்துவிட்டது.

நான்: டிரான்ஸ்போஸை ப்ரீஸ் செய்துவிட்டால் போதாதா பெரியப்பா?

பெரியப்பா: போதும், அந்தப் பாட்டுக்கு மட்டும். ப்ரீஸ் என்பது மொத்தப் பெட்டிக்கும் போடுகிற பூட்டு. அதை எடுக்காமல் அடுத்த பாட்டுக்குப் போனால் அந்தப் பாட்டின் கட்டையும் வராது. நான் சொல்கிறபடி செய். மெமரி பொத்தானை அழுத்தியதும் எதையெல்லாம் பதியவேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். முதல் பொத்தானுக்கு மட்டும் டிரான்ஸ்போஸில் குறி போடு. மற்ற ஒன்பதுக்கும் அந்தக் குறியை எடுத்துவிட்டுப் பதி. பாட்டைத் தொடங்கும்போது முதல் பொத்தான் கட்டையைக் கொண்டுவரும். அக்கா கண் காட்டினால் ஒரு படி இறக்கு. அதன் பிறகு எந்தப் பொத்தானும் அதைத் தொடாது.

காட்பாடி அக்கா: இதை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா! தம்பி, என் பாட்டு எல்லாவற்றுக்கும் இப்படியே செய்துவிடு.

குடியாத்தம் மாமா: அக்காவுக்குக் கட்டை, எனக்கு வேகம். கடைசி நான்கு பாட்டில் ஜனங்கள் ஆட ஆரம்பித்ததும் நான் ஆக்டோபேடில் (குச்சியால் அடிக்கும் மின்தாளப் பலகை) வேகத்தைக் கொஞ்சம் தூக்குவேன். மாப்பிள்ளை பொத்தானை மாற்றியதும் வேகம் இறங்கிவிடுகிறது. ஆடுகிறவர்கள் நின்று எங்களைப் பார்க்கிறார்கள்.

பெரியப்பா: டெம்போவுக்கும் அதே பட்டியலில் தனிக்குறி உண்டு. அதையும் முதல் பொத்தானோடு நிறுத்திக்கொள். இன்னொன்று, மாமா வாசிக்கிற பாட்டில் ஸ்டைலின் ரிதம் 1, ரிதம் 2 இரண்டையும் அணைத்துவிடு. பேஸும் கார்டும் மட்டும் ஓடட்டும். பெட்டியின் டிரம்ஸும் மாமாவின் கையும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் இரண்டுமே கெடும். மனிதர் கை இருக்கும் இடத்தில் பெட்டி ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது என் கட்சி.

குடியாத்தம் மாமா: நூறு முறை சொல்லுங்கள் மச்சான். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்த்து வளர்ந்தவன் நான். வைகாசி முதல் நாள் அந்தக் கூட்டத்தில் கேட்ட அடி எந்தப் பெட்டியிலும் வராது.

பெரியப்பா: அதற்காகவே ஒன்பதாம் பொத்தான். கரகம் வரும்போது பம்பை உடுக்கைக்காரர்கள் கோயில் வாசலுக்கு வருவார்கள். நாம் பாதிப் பாட்டில் இருப்போம். நிறுத்தினால் அவமரியாதை, ஸ்டைலை ஓடவிட்டால் அதைவிட அவமரியாதை. அம்மன் பாட்டு எல்லாவற்றிலும் ஒன்பதில் தாளமே இல்லாமல் சுருதியும் மெல்லிய வயலினும் மட்டும் வை. பம்பை எந்த நடையில் வருகிறதோ அந்த நடையில் நாம் போவோம்.

அத்தை: இதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது அண்ணா. அப்பா இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

*ஞாயிற்றுக்கிழமை*

நான்: ஆறு பாட்டு முடிந்தது. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது பொத்தானை அழுத்த முடியவில்லை. குறிப்பாக இரண்டாம் இடையிசைக்குள் நுழையும் இடம்.

பெரியப்பா: பின்னால் இரண்டு பெடல் துளை இருக்கிறது. ஒன்றில் ஒலியை நீட்டும் சஸ்டெய்ன், மற்றொன்றுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் பிளஸ் என்று வேலை கொடு. ரெஜிஸ்ட்ரேஷன் என்பது பொத்தானில் பதிந்து வைத்ததுதான். பிறகு பேங்கில் ரெஜிஸ்ட்ரேஷன் சீக்வென்ஸ் எழுது: 1, 2, 3, 4, 2, 5, 4, 2. காலை ஒரு முறை மிதித்தால் அடுத்த எண்ணுக்குப் போகும். பாட்டு எப்படிப் போகிறதோ அப்படியே எண்ணை எழுதிக்கொள். எழுதிய பிறகு பேங்கைச் சேமிக்க மறக்காதே, அது பேங்கோடுதான் நிற்கும்.

நான்: கடைசி எண் முடிந்ததும் என்ன ஆகும் என்று கேட்கிறது. ஸ்டாப், டாப், நெக்ஸ்ட் என்று மூன்று இருக்கின்றன.

பெரியப்பா: ஸ்டாப் வை. நெக்ஸ்ட் வைத்தால் கால் தவறி ஒரு மிதி விழுந்தாலும் அடுத்த பேங்குக்குத் தாவிவிடும்.

அண்ணன்: பென் டிரைவில் ஸ்டைல்கள் கண்டபடி கிடக்கின்றனவே, அவற்றையும் கோப்புறை பிரித்து அடுக்கிவிடலாமா?

பெரியப்பா: இன்றைக்கே, பதிவதற்கு முன்னால் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரேஷனுக்குள் ஸ்டைல் இருக்காது, ஸ்டைல் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். பதிந்த பிறகு கோப்புறையின் பெயரை மாற்றினால் பொத்தானை அழுத்தும்போது ஸ்டைல் வராது. கோப்பின் பெயரில் பாட்டின் முதல் சொல், பாடுகிறவர், கட்டை, இந்த மூன்றும் வரட்டும். கூடுதலாக ஏற்றிய தவில், நாகசுரக் குரல்களுக்கும் எச்சரிக்கை வேண்டும். அந்தத் தொகுப்பு இல்லாத வேறொரு கீபோர்டில் பேங்கைத் திறந்தால் அந்த இடம் பேசாது.

காட்பாடி அக்கா: கட்டையை எண்ணாகவே எழுது தம்பி. எனக்கு ஜி ஷார்ப் என்றால் எதுவும் ஓடாது, ஐந்தரை என்றால்தான் தொண்டைக்குத் தெரியும்.

நான்: சரி அக்கா. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே அரைக் கட்டை கிடையாது என்பதும் நினைவிருக்கிறது. மூன்றரை என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்.

ஆரணி சித்தப்பா: பேங்கைச் சேமிக்காமல் அடுத்த பேங்கைத் திறந்தால் பொத்தானில் பதிந்தது போய்விடும். இதையும் சொல்லிவையுங்கள் அண்ணா. எங்கள் ஊரில் ஒரு பையன் இரவு முழுக்க உட்கார்ந்து பதிந்ததை இப்படித்தான் இழந்தான்.

பெரியப்பா: நல்ல வேளை சொன்னாய். ஒவ்வொரு பொத்தானுக்குப் பிறகும் சேமி. முடிந்ததும் முழுவதையும் இன்னொரு பென் டிரைவில் நகலெடுத்துப் பெரியவனிடம் கொடு. கோப்புறைப் பெயர்கள் எழுத்து பிசகாமல் அப்படியே இருக்கட்டும். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஜெனரேட்டர் மாற்றும்போது மின்சாரம் வெட்டும். கீபோர்டுக்கு மட்டும் ஒரு யுபிஎஸ் எடுத்து வர வேண்டும்.

அண்ணன்: விழாக் குழுவில் இப்போது ஒரு செய்தி. தேர்வீதி உலா முடிந்தபிறகுதான் மேடை தருவார்களாம். ஏழரை ஆகிவிடும். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்று காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பெரியப்பா: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு நள்ளிரவு வரை அரசு தளர்வு கொடுக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. கொடுத்திருந்தால் கடிதம் இருக்கும். இல்லையென்றால் பத்துதான். நோயாளியும் படிக்கிற பிள்ளையும் இருக்கிற தெரு அது.

குடியாத்தம் மாமா: ஏழரை முதல் பத்து என்றால் 30 பாட்டு நடக்காது. 22 போனால் பெரிது.

நான்: பிளேலிஸ்டில் எட்டை எடுத்துவிடுகிறேன் மாமா. பேங்குகள் இருக்கும். துண்டுச்சீட்டில் யாராவது கேட்டால் பெயரைத் தேடி உடனே திறந்துவிடலாம்.

பெரியப்பா: ஒன்றே ஒன்று. எதை எடுத்தாலும் அம்மன் பாட்டை எடுக்காதே. நம்மைக் கூப்பிட்டது அவள் கோயிலுக்கு.

அண்ணன்: ஒப்புக்கொள்கிறேன். எடுக்க வேண்டிய எட்டை நானும் அக்காவும் பேசி இரவுக்குள் அனுப்புகிறோம்.

அத்தை: ஒத்திகை புதன்கிழமை கொசப்பேட்டை வீட்டில்தானே? கூழும் கருவாட்டுக் குழம்பும் செய்கிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் யாராவது வாங்கி வாருங்கள்.

குடியாத்தம் மாமா: கத்திரிக்காய் என் பொறுப்பு. பேடும் ஸ்டாண்டும் பஸ்ஸில் வராது, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஐந்து மணிக்கு வந்துவிடுகிறேன்.

காட்பாடி அக்கா: நான் ஆறு மணிக்கு. தம்பி, முதலில் என் ஐந்தரைப் பாட்டை எடு. வேண்டுமென்றே நடுவில் இறக்கச் சொல்வேன், சரணம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்.

நான்: எடுக்கிறேன் அக்கா. ஏழாவது பாட்டைப் பதிந்துகொண்டிருக்கிறேன்.